எழும்ப வேண்டாம் என்றவர்

மருதனார்மடச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் சைக்கிளை நிறுத்தி, "நாகமுத்து மாஸ்டர் மோசம் போயிட்டார். தொண்டைமானாற்றிலை தெப்பம் கவிண்டு போச்சாம். அவரின்ரை கவலையீனமெண்டு கதைக்கினம்" என்றார். மரணச் செய்தியும் பழியும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாகமுத்து அவர்கள் எங்கள் சித்திர வாத்தியார். வெறும் மண்ணெண்ணெய்த் தகரங்களின் மேல் மூங்கில் கட்டித் தாமே செய்த தெப்பத்தில், மாரிகாலச் சனிக்கிழமைகளில் ஆட்களை ஏற்றிக்கொண்டுபோய்ப் பூநாரைகளையும் கூழைக்கடாக்களையும் காட்டுவார். ஏச்சும் தாராளமாகக் கொடுப்பார். "உதுகளின்ரை வீட்டுக்கு வந்திருக்கிறம். வாயைப் பொத்திக்கொண்டு பாருங்கோ" என்பார். பூநாரைகள் கூட்டமாகக் கிளம்பும்போது முதலில் "ஆ!" என்று கத்துபவரும் அவர்தான்.

அவருடைய சட்டம் ஒன்றே. தெப்பத்தில் யாருக்காகவும் யாரும் எழும்பக்கூடாது. முதன்முதல் என் மாமனாரைக் கூட்டிச்சென்ற அன்று, அவர் ஏறியதும் நான் பழக்கதோஷத்தில் எழும்பப் பார்த்தேன். தெப்பம் சரிந்தது.

"இரும் காணும்! கரையிலை மாமாவுக்கு எழும்பும். இங்கை எழும்பினால் எல்லாற்றை வீட்டிலையும் செத்தவீடு" என்று மாஸ்டர் ஏசினார். மாமனார் சிரித்துவிட்டார். எனக்குத்தான் முகம் கறுத்தது.

போன சனிக்கிழமை, எங்கள் பகுதிக்கே பெரிய அதிகாரியான மணியகாரர் தம் ஆட்களோடு தெப்பத்தில் போனார். நடந்ததை, கூடப் போன, அவருக்குக் கீழே ஊர் பார்க்கும் விதானையாரே செத்தவீட்டில் எனக்குச் சொன்னார். வெள்ளம் கடலுக்கு இழுக்கும் ஆழமான இடத்தில் பூநாரைகள் கிளம்ப, மணியகாரர் எழுந்து நின்றாராம். "இருங்கோ ஐயா, இருங்கோ!" என்று மாஸ்டர் கத்தியிருக்கிறார். மணியகாரர் இருக்கவில்லை. உடனே மற்றவர்களும் எழும்பிவிட்டார்கள்.

"நீங்கள் ஏன் எழும்பினனீங்கள்?" என்று கேட்டேன்.

"மணியகாரர் நிக்க, நாங்கள் எப்பிடி இருக்கிறது?" என்றார் விதானையார்.

எப்படி இருக்கிறதாம்! வெட்கங்கெட்ட மரியாதை! கவிழ்ந்த தெப்பத்தை ஒவ்வொருவருக்கும் பிடிக்கக் கொடுத்தவர் மாஸ்டர். கடைசியாக மணியகாரரையும் இழுத்துவந்து விட்டபின், மாஸ்டரை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. இப்போது தெப்பம் கட்டத் தெரியாதவர் என்ற பெயரும் அவருக்கே.

நேற்றுப் பள்ளிக்கூட மண்டபத்தில் அனுதாபக் கூட்டம் நடந்தது. தலைமை வகிக்க அதே மணியகாரர் பிந்தி வந்தார். மண்டபம் முழுவதும் எழுந்தது. நான் எழும்பாமல் இருந்தேன்.

பக்கத்தில் நின்ற தலைமை வாத்தியார் என் தோளைத் தட்டி, "எழும்பும் காணும், மணியகாரர் வாறார். வேலையைப் பறிகொடுக்கப் போறீரோ?" என்றார்.

"எழும்ப வேண்டாமெண்டு மாஸ்டர் சொன்னவர்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படியாக.

மணியகாரர் என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு மேடைக்குப் போனார். என் வேலை இனி என்னாகுமோ தெரியாது.

போய் வாருங்கள், மாஸ்டர். இந்த முறை நான் எழும்பவில்லை.