பனிமூட்டத்துக்குள் சொன்ன பாங்கு

கடந்த ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பின்னர், அலாஸ்காக் கடற்கரையின் பனிமூட்டத்துக்குள் என் மனைவி காணாமற் போனாள். அவளைத் திருப்பித் தந்த அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லவே இதை எழுதுகிறேன். வீட்டுப் பெண்களைப் பற்றிப் பொதுவில் பேசும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. அவளிடம் கேட்ட பின்னரே எழுத உட்கார்ந்தேன்.

நான் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள சாய்ந்தமருதைச் சேர்ந்தவன். புவியியல் கற்பித்து, பாடசாலை அதிபராக ஓய்வுபெற்றவன். பனிக்கட்டியாறுகளைக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். ஒன்றையேனும் கண்ணால் கண்டதில்லை. கனடாவில் வாழும் எங்கள் மகன் அஸ்மீர், அந்தக் குறையைத் தீர்க்க எங்களிருவரையும் அலாஸ்காவுக்கு அழைத்துச் சென்றான்.

படகில் ஏறியது முதல் எனக்கு நிம்மதியில்லை. மிதந்து வந்த பனிக்கட்டிகள் படகின் அடியில் மோதிக்கொண்டேயிருந்தன. ஒவ்வொரு மோதலுக்கும் மனைவி என் சட்டைக் கையைப் பிடித்தாள். தூரத்தில் நீல நிறச் சுவராக நின்ற பனிக்கட்டியாறு இடையிடையே வெடித்து முழங்கியது. கூழாங்கற் கரையொன்றில் எங்களை இறக்கிய வழிகாட்டி, பிரிந்து போகக் கூடாது என்றும், கடல் பெருகுமுன் திரும்பிவிட வேண்டும் என்றும் எச்சரித்தார். எங்கள் கடலில் வற்றும் பெருக்கும் அவ்வளவாகத் தெரிவதில்லை. அங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரை சுருங்கியது.

பனிக்கட்டியாற்றின் ஓரம்வரை நடந்தபோது லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்கு நேரமாயிற்று. படகிலேயே தொழலாம் என்றேன். நெற்றி நிலத்தில் பட வேண்டும் என்றாள் அவள். அந்நிய ஆண்கள் பலர் நின்றதால் தொழுகைக்காகக் கை, கால், முகம் கழுவி வுழூச் செய்யப் பாறை மறைவுக்குப் போனாள். உருகிய நீர் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. நான் இப்பால் முதுகைக் காட்டிக் காவல் நின்றேன்.

அப்போதுதான் கடலிலிருந்து மூட்டம் வந்தது. எதிரே நின்றவர்கள் மறைந்தார்கள். மெல்லக் குரல் கொடுத்தேன். பதிலில்லை. பாறையைச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். ஈரக் கற்கள் மட்டுமே இருந்தன.

வழிகாட்டி விசிலடித்தார். மீண்டும் மீண்டும் அடித்தார். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மற்றவர்களைப் படகுக்கு அனுப்பிவிட வேண்டும் என்றார். அவளை இங்கே விட்டுவிட்டு ஊருக்கு எந்த முகத்தோடு போவேன்?

"வாப்பா, உம்மாட பேரச் சொல்லிச் சத்தமாக் கூப்பிடுங்க. உங்கட குரலெண்டா அவவுக்குத் தெரியும்," என்றான் அஸ்மீர்.

அந்நியர் முன்னிலையில் அவள் பெயரை நான் உச்சரித்ததில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். யூனுஸ் நபியை மீனின் வயிற்றிலிருந்து மீட்டவனே, இவளையும் மீட்டுத் தா என்று மனத்துக்குள் மன்றாடினேன். வாயைத் திறந்தபோது பெயர் வரவில்லை. விரல்களைக் காதுகளில் வைத்துக்கொண்டு, தொழுகைக்கு அழைக்கும் பாங்கைச் சொல்லத் தொடங்கினேன். பனிச்சுவர்கள் அதை எனக்கே திருப்பிச் சொல்லின. முடியும்வரை நிறுத்தவில்லை.

இதற்குள் வழிகாட்டியோடு பனிக்கட்டிப் பக்கம் தேடிப் போயிருந்த அஸ்மீரின் குரல் கேட்டது: "வாப்பா, உம்மா இங்கதான் நிக்கிறா."

தலையில் முக்காட்டை இழுத்துவிட்டபடி அவள் அசையாமல் நின்றாள். உதடுகள் பாங்குக்குப் பின் ஓதும் துஆவை முணுமுணுத்தன. அவளுக்கு நேர் முன்னே பனிக்கட்டி பிளந்து கிடந்தது. உள்ளே கருநீல இருள். கீழே எங்கோ நீர் இரைந்தது. வழிகாட்டி அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

மூட்டத்தில் வழி தவறியவள் விசிலைக் கேட்டிருக்கிறாள். ஏன் திரும்பவில்லை என்று மகன் கேட்டான்.

"விசிலடிச்சா திரும்பிப் பாக்கிற பொம்புளயாடா நான்? ஆரோ ஆம்புளயள் எண்டு கெதியா விலகி நடந்தன். பாங்கு கேட்டிச்சி. பாங்கு சொல்லக்குள்ள நடக்கப்படாதெண்டு நிண்டுட்டன்."

ஊரிலும் அவள் அப்படித்தான். பாங்கு கேட்டால் அடுப்பைத் தணித்துவிட்டு நின்று பதில் சொல்வாள்.

"ஆரு சொன்ன பாங்கு?" என்று மகனிடம் கேட்டாள்.

"வாப்பாதான்."

"அவரா? அதுதான் நடுவில மூச்சு முட்டின."

படகில் அமர்ந்தபடியே தொழுதோம்.

இப்போது பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தால், எந்தச் சபையிலிருந்தாலும் பேச்சை நிறுத்திவிடுகிறேன். அந்தச் சில நிமிடங்களில் யாரோ ஒருவரின் கால்கள் எங்கோ தடுக்கப்படுகின்றன என்றே நினைக்கிறேன். அல்ஹம்துலில்லாஹ்.

சகோதரர்களே, துன்பம் வரும்போது அவனிடம் வாய்விட்டுக் கேளுங்கள். பக்கத்தில் யார் நிற்கிறார், என்ன நினைப்பார் என்று பார்க்காதீர்கள். நான் அப்படிப் பார்த்துத் தயங்கி நின்ற நேரமெல்லாம், அவள் அந்தப் பிளவை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.