மொட்டைவாலுக்கு முதல் பந்தி

என் அண்ணிக்குப் பொறுமை அதிகம். எனக்கு அது அறவே கிடையாது. இருவருக்கும் ஒரே விலங்குக் காட்சிச்சாலையில்தான் வேலை. நான் தீவனக் கூடத்தில் பழமும் முட்டையும் நறுக்குகிறேன், அவர் மீர்கேட் கூண்டைப் பார்த்துக்கொள்கிறார். ஒரே வீட்டில் எழுந்து, ஒரே பேருந்தில் வந்து, ஒரே சீருடையை மாட்டிக்கொள்ளும் நாத்தனாரும் அண்ணியும் இன்னும் முடியைப் பிடித்துக்கொள்ளவில்லை என்றால், அந்தப் புண்ணியம் முழுக்க அவருடையது.

வேலைக்குச் சேர்ந்தபோது கூண்டு கழுவத்தான் அவரை எடுத்தார்கள். கழுவி முடித்ததும் மற்றவர்கள் டீ குடிக்கப் போவார்கள். இவர் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து மீர்கேட்டுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். "அதுங்க என்ன சீரியலா நடிக்குது?" என்று கேட்டால், "அதைவிட நல்லாயிருக்குடி" என்பார். பார்த்துப் பார்த்தே அந்தக் கூண்டு அவர் பொறுப்புக்கு வந்துவிட்டது.

மீர்கேட் கீரி வகை. பின்னங்காலில் நிமிர்ந்து நின்று, அடுத்த வீட்டில் யார் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பவர் மாதிரி முழிக்கும். பெரும்பாலும் குடும்பத்தில் ஒருத்திதான் பிள்ளை பெறுவாள். அக்கா, அண்ணன், சித்தி, மாமா எல்லாரும் கூடி அவற்றுக்கு ஊட்டி வளர்ப்பார்கள். குட்டிகள் ஆளுக்கொரு பெரியவர் பின்னால் ஒட்டிக்கொண்டு வாய் ஓயாமல் கத்தும். மண்ணைக் கிளறிப் புழு எடுத்தவர் திரும்பி, கத்துகிற வாயில் வைப்பார். கத்தாத வாயை யாரும் கண்டுகொள்வதில்லை.

அந்த முறை நான்கு குட்டிகள். மூன்றும் கூரையைப் பிய்க்கும். நான்காவது சத்தமே போடாது. அண்ணி அதற்கு வாயில்லாப்பூச்சி என்று பேர் வைத்தார். அது ஒட்டிக்கொண்டு திரிந்த ஆளும் அதற்கேற்ற ஆள்தான். ஏதோ சண்டையில் வால் நுனியைப் பறிகொடுத்த மாமா, கூட்டத்திலேயே கடைசி ஆள். எங்களுக்கு அவர் மொட்டைவால். தேடித் தேடிப் போய் ஒன்றும் இல்லாதவரைப் பிடித்தது அந்தக் குட்டி!

அது நாளுக்கு நாள் துரும்பாக இளைத்தது. டாக்டர் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்போம்மா. எடை ஏறலைன்னா வெளிய எடுத்து நாமதான் ஊட்டணும்."

"எடுத்துட்டா திரும்பக் கூட்டத்துல சேர்க்குமா டாக்டர்?"

"சேர்க்கும்னு சொல்ல முடியாது. வேத்து ஆளுன்னு கடிச்சுக் குதறினாலும் குதறிடும். எனக்கு மட்டும் ஆசையாம்மா?"

வீட்டுக்குப் போகும் பேருந்தில் அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். "எடுத்துட்டா உசிரு பொழைச்சுக்கும்டி. உறவு போயிடுமே" என்றார்.

மறுநாள் குட்டியின் காலடியிலேயே புழுக்களைப் போட்டார். போட்ட கை திரும்புவதற்குள் மற்ற மூன்றும் பாய்ந்து வழித்துக்கொண்டு போய்விட்டன. அடுத்து அண்ணி செய்த கூத்தை என்னவென்று சொல்ல! குட்டிக்குப் பதிலாக நாமே கத்தினால் என்ன என்று, பாறைக்குப் பின்னால் குந்திக்கொண்டு "கீச், கீச்" என்று கத்த ஆரம்பித்தார். மனுஷி அப்படியே குட்டி மாதிரி கத்தினார். ஒரு சித்தி மீர்கேட் வாயில் புழுவோடு ஓடி வந்தது, குரல் வந்த இடத்தைப் பார்த்தது, புழுவை அண்ணியின் பூட்ஸ்மேல் வைத்துவிட்டுப் போனது! வேடிக்கை பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

"எந்திரிச்சு வாங்க அண்ணி, உங்களுக்கே சோறு போட ஆரம்பிச்சிருச்சு!"

"இருடி. மொட்டைவாலும் வந்தான், பார்த்தியா? புழுவோட பாதி தூரம் வந்தான். அப்புறம் அவனே முழுங்கிட்டான்."

"திருட்டுப் பய."

"திருட்டு இல்லடி, பசி. எல்லாரும் தின்ன மிச்சந்தான் அவனுக்கு. தன் வயிறு காயறப்ப எவன் அடுத்தவனுக்குக் குடுப்பான்?"

மறுநாள் காலையிலிருந்து மொட்டைவாலுக்கு முதல் பந்தி. மற்றவை வளையை விட்டு வருவதற்கு முன்பே அவரைத் தனியாக ஓரங்கட்டி, முட்டையும் புழுவும் வயிறு முட்டப் போட்டார். குட்டி பட்டினி கிடக்க மாமனுக்கு விருந்தா என்று நான் தாம்தூம் என்று குதித்தேன். அண்ணி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தின்றவர் வெயிலில் வயிற்றைக் காட்டிக்கொண்டு சாய்ந்துவிட்டார், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை, சாப்பிட்டு முடித்த மொட்டைவால் பழக்கதோஷத்தில் மண்ணைக் கிளறினார். புழு வந்தது. அதைப் பார்த்தார். பின்னால் நின்ற குட்டியைப் பார்த்தார். அதன் வாயில் திணித்தார். வாயில்லாப்பூச்சிக்கு முதலில் என்ன செய்வதென்றே தெரியவில்லை. விழுங்கிவிட்டு, துருப்பிடித்த கீல் மாதிரி லேசாக ஒரு சத்தம் போட்டது. மொட்டைவால் மறுபடி மண்ணைக் கிளறப் போனார். அண்ணி என் கையைப் பிடித்துக் கிள்ளினார். வலித்தது, ஆனாலும் அந்த நேரத்தில் அவரைக் கும்பிடலாம் போலிருந்தது எனக்கு.

வெள்ளிக்கிழமை டாக்டர் பெட்டியோடு வந்தார். எடை ஏறியிருந்தது, ஆனால் பேருக்குத்தான். அவர் தராசையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரொம்பக் கம்மிம்மா. ரிஸ்க் எடுக்க முடியாது."

அண்ணி எதிர்த்துப் பேசவில்லை. முந்தின நாள் நடந்ததை மட்டும் சொன்னார். டாக்டர் கேட்டுக்கொண்டே கையுறையை மாட்டி, மண்டியிட்டு, குட்டியைத் தூக்கினார். நான் பெட்டியைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.

உள்ளங்கையில் உட்கார்ந்திருந்த வாயில்லாப்பூச்சி சுற்றுமுற்றும் பார்த்தது. பிறகு வாயைப் பிளந்து கத்தியது பாருங்கள்! கூட்டமே நிமிர்ந்து நின்றது. எங்களைக் கண்டால் பத்தடி தள்ளி ஓடும் அந்த மொட்டைவால், வாயில் புழுவோடு விழுந்தடித்து ஓடி வந்து, டாக்டரின் முழங்கால்மேல் ஏறி, கையுறையைப் பிடித்துக்கொண்டு எக்கி நின்று, குட்டியின் வாயில் புழுவை வைத்தார்.

டாக்டர் மூச்சுக்கூட விடவில்லை. குட்டி விழுங்கியது. விழுங்கிய சூட்டோடு மறுபடி வாயைப் பிளந்து கத்தியது.

"இன்னும் கேக்குதேம்மா!" என்றார் டாக்டர், குட்டியை மெல்ல மண்ணில் இறக்கிவிட்டபடி.

"கேக்கட்டும் டாக்டர்" என்றார் அண்ணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "குடுக்கத்தான் ஆள் இருக்கே."