ஆடும் சுமையை அடக்கியவள்

என் பேத்தி கிரேன் ஓட்டுகிறாள். எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே, எழும்பிக்கொண்டிருக்கும் கட்டடத்துக்கும் மேலே, ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து. காலையில் ஏணியில் ஏறினால், அவள் இறங்கும்வரை நான் அந்த ஜன்னலை விட்டு நகரமாட்டேன்.

சின்ன வயதில் கம்ப்யூட்டரே கதி என்று கிடந்தவள். கயிற்றில் தொங்கும் பெட்டிகளைக் கப்பலில் அடுக்குகிற விளையாட்டு. பெட்டி கடலில் விழும், மறுபடி எடுப்பாள், மறுபடி விழும். "நீ உருப்படுவியாடி?" என்று ஒயரைப் பிடுங்கியிருக்கிறேன். அதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, அழுத்தக்காரி.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு கம்பிக்கட்டைத் தூக்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று காற்று. கட்டு ஊஞ்சல் மாதிரி ஆடத் தொடங்கியது. மேல்தளத்து மூலையில் இரண்டு ஆட்கள். பின்னால் நகர இடமில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கம்பி அவர்களை நெருங்கியது.

அப்போது கிரேனின் கை அந்த ஆட்கள் பக்கமே திரும்பியது!

"அடிப்பாவி, அந்தப் பக்கம் இல்லடி!" என்று அலறினேன்.

"அத்தை, இங்கேருந்து கத்தினா அவளுக்குக் கேக்கவா போகுது?" என்றாள் மருமகள். சொன்னவளின் நகம் என் தோளில் பதிந்திருந்தது.

கட்டு அவர்களுக்கு ஒரு முழம் தள்ளி அப்படியே நின்றது. ஆட்டமே இல்லை. பிறகு மெல்ல மேலே தூக்கி விலக்கினாள்.

சாயங்காலம் வந்தவளுக்குச் செருப்பைக் கழற்ற முடியவில்லை. கை அப்படி நடுங்கியது. நான்தான் குனிந்து கழற்றினேன்.

"ஏண்டி அவங்க பக்கமே விட்டே?"

"எதிர்ப்பக்கம் இழுத்தா ஆட்டம் கூடும் பாட்டி. ஆடுற பக்கமே கூடப் போனாத்தான் அடங்கும்."

"யார் சொல்லிக் குடுத்தா?"

"பயிற்சியில சொன்னாங்க. ஆனா கைக்கு எட்டு வயசுலயே தெரியும். எத்தனை பெட்டியைக் கடல்ல போட்டிருப்பேன்! ஒருத்தருக்கும் அடிபடலையே."

நாள் முழுக்க விளையாடினால் கண் கெடும் என்று இப்போதும் சொல்வேன், அதை விடமாட்டேன். ஆனால் அந்தப் பெட்டிகள் விழுந்ததும்கூட ஒரு படிப்புதான்.

"நாளைக்கு ஒரு நாள் லீவு போடேன் கண்ணு."

"அந்த ரெண்டு பேரும் வேலைக்கு வர்றாங்களாம். நான் வரலைன்னா அவங்களுக்குப் பயமா இருக்காதா?"

காலையில் கிளம்பிவிட்டாள். கை நடுக்கம் நின்றதா என்று கேட்க வாசல்வரை போனேன். இல்லை என்று சொல்லிவிட்டால்? கேட்காமலே அனுப்பினேன்.