நான் சும்மா இருந்தேனாம்!

சென்னையில் மகளுக்கு ரெண்டாவது பிரசவம் நெருங்கிவிட்டது. நாளை ரயிலுக்கு எனக்கும் வீட்டுக்காரருக்கும் டிக்கெட் எடுக்க இன்று கருமத்தம்பட்டி பிரவுசிங் சென்டருக்குப் போனேன். கொஞ்சம் இடம்தான் மிச்சம்.

"வீட்டுக்காரர் வயசு சொல்லுங்கக்கா" என்று கடைப்பெண் கேட்ட நேரம் பார்த்து, பழைய பக்கத்து வீட்டு மேரியக்கா உள்ளே வந்தார்.

"ஏனுங்க அம்மணி, நல்லாருக்கீங்களா?"

"நல்லாருக்கேனுங்க்கா. ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா?"

மாமியாரின் மூட்டுவலி, மருமகனின் வேலை, எருமையின் சினை வரைக்கும் விசாரித்து முடித்தோம். பாதியில் வெட்டினால் மரியாதையா?

திரும்பிப் பார்த்தால் கம்ப்யூட்டர் எங்களை டிக்கெட் பக்கத்திலிருந்து வெளியே தள்ளியிருந்தது.

"இன்னாக்டிவிட்டின்னு வருதுங்க்கா. ஒண்ணுமே செய்யாம சும்மா இருக்கறதுங்க."

"யாரு கண்ணு சும்மா இருந்தா? வாய் ஓயாம பேசிட்டுத்தானே இருந்தோம்!"

"அது கம்ப்யூட்டருக்குக் கேக்காதுங்க்கா. மொதல்ல வயசச் சொல்லுங்க!"

மறுபடியும் முதலிலிருந்து. நான் மறுபடி பேச்செடுக்காமல் இருக்க, மேரியக்கா என் வாயைப் பொத்தாத குறைதான். கடைசி இரண்டு இடங்களும் எங்களுக்கே கிடைத்துவிட்டன.

வீட்டுக்கு வந்தால், காலையில் டிவி முன்னால் சாய்ந்த வீட்டுக்காரர் அப்படியே இருக்கிறார்.

"ஏனுங்க, இதுக்குப் பேரு இன்னாக்டிவிட்டி. இப்படி இருந்தா வெளிய தள்ளிப்போடுவாங்க, பாத்துக்குங்க" என்றேன்.

எழுந்து போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தார்.

எங்கள் வீட்டில் இனிமேல் சும்மா இருக்கப் பத்து நிமிஷம்தான் கெடு. உங்கள் வீட்டில் எவ்வளவு நேரம் பொறுக்கிறீர்கள்?