நாவலில் வரும் தாய்மார்

அடுத்தவர் எழுதிய துயரத்தைப் பக்க எண்ணோடு எடுத்துக் காட்டிச் சம்பளம் வாங்கும் தொழில் எங்களுடையது. ஆய்வேடு எழுதிக் கண் கெட்டுப்போனவர்களே, உங்களுக்குத் தெரியும். மெல்பேர்னில் நான் படித்ததும் படிப்பித்ததும் அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் நாவல்கள். பாலியல் வன்முறை அவற்றில் எப்படிச் சொல்லப்படுகிறது, எப்படிச் சொல்லாமல் விடப்படுகிறது என்பதே என் ஆராய்ச்சி.

ஏன் இவர்கள்?

யாழ்ப்பாணத்துப் பெண் ஏன் தன் ஆட்களைப் பற்றி எழுதவில்லை என்று கருத்தரங்கு முடிந்த பிறகு சக விரிவுரையாளர் ஒருவர் கேட்டார். வழக்கமான காரணங்களைச் சொல்லிப் பார்த்தேன். அவர் நகரவில்லை. எங்கள் சனத்தில் யாரை எழுதினாலும் அவளுடைய தங்கையை யாருக்காவது தெரிந்திருக்கும் என்று உண்மையைச் சொன்னேன். அவர் தேநீரை ஊதிக்கொண்டே கேட்டார்: “அப்படியானால் இது ஆராய்ச்சியா, ஒளிந்திருக்கும் இடமா?”

அன்னதான வரிசை

என்ன எழுதுகிறேன் என்று கோயிலில் கேட்பவர்களிடம் ‘பெண்கள் பிரச்சினை’ என்பேன். மெல்பேர்ன் புறநகரான த பேசினில் உள்ள பிள்ளையார் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை பூமணி கேட்டபோது அலுத்துப்போய் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். பூமணி என் வயதுக்காரி, முதியோர் இல்லத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். அவள் முன்னும் பின்னும் பார்த்தாள். “பிள்ளையாருக்குக் கேட்டாலும் பரவாயில்லை, இந்த லைனில நிக்கிற சனத்துக்குக் கேக்கக்கூடாது. காருக்குள்ள சொல்லும்.”

காருக்குள்

அன்றிலிருந்து, அவளை ஸ்பிரிங்வேலில் வீட்டடியில் இறக்கிவிடும் வழியில் வாரம் ஒரு நாவல். ஒருநாள் சொன்ன கதையில், தனக்கு நடந்ததை மகள் தாயிடம் சொல்கிறாள். தாய் ஒரு வார்த்தை பேசாமல் மகளின் சட்டையைத் தோய்த்துக் கொடியில் போடுகிறாள். அந்தத் தாயைப் பற்றி நான் என்ன எழுதினேன் என்று பூமணி கேட்டாள். குற்றத்துக்குத் துணை போனவள் என்று எழுதியதைச் சொன்னேன்.

சிக்னலில் கார் நின்றது. தானும் ஒரு சட்டை தோய்த்தவள் என்றாள் பூமணி. மகள் சிட்னியில், மெரிலேண்ட்ஸில் இருக்கிறாள். பதினொரு வருடமாகப் பேச்சில்லை. “அந்தப் பிள்ளை பிறகு தாயோட கதைச்சதோ?”

நாவலில் கதைக்கவில்லை. நான் “ஓம்” என்றேன். யார் முதலில் பேசியது என்றாள். தாய்தான், தோய்த்தது பிழை என்று தாயே சொன்னாள் என்றேன். கார்க் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.

அடுத்த வெள்ளி

சிட்னிக்குப் போன் எடுத்தாளாம். பிழை தன்னுடையது என்று சொன்னாளாம். மறுபக்கம் வெகுநேரம் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டதாம். “பிறகு, ‘வைக்காதேங்கோ அம்மா, இன்னும் சொல்லுங்கோ’ எண்டவள்.”

அந்தத் தாயைப் பற்றிய என் ஆய்வு அத்தியாயத்தில் நான் ஒரு வரியும் மாற்றவில்லை. நாற்பது வருடத்தில் மூலநூலுக்கு மாறாக நான் சொன்னது அந்த ஒரு நாவலின் முடிவை மட்டும்தான், அதை எந்தப் பரீட்சகரும் இதுவரை பிடிக்கவில்லை.