துணியில் ஒட்டிய வைரம்

திருப்பதிப் பக்கம் ஒரு மருந்து லேபில் நான் துடைக்கும் வேலை பார்த்தபோது அங்கே ஒரு சார் இருந்தார். ஒல்லி உடம்பு, கடுகடுத்த முகம். ஸ்டீல் குழாயில் பொடியை அடைத்து, காதோரம் வைத்துத் தட்டிப் பார்ப்பார். என் மருமகளும் தேங்காயை அப்படித்தான் தட்டுவாள். ஆனால் அவள் சிரித்த முகம்.

ஒருநாள் மேசையில் சாம்பல் நிறத்தில் தூசி கிடந்தது. ஈரத்துணியால் பளிச்சென்று துடைத்துவிட்டேன்.

"அய்யய்யோ, வைரத்தத் தொடச்சிட்டியே ஆயா! இன்னியோட உன் வேலை போச்சி!" என்று கத்தினார்.

"வைரம்னா மின்ன வேணாவா சார்? இது சாம்பலாட்டம் கீதே."

"மினுக்கறதுக்கா இது? மெஷின்ல செஞ்ச வைரம். இந்தக் குழாயில அடைச்சா மருந்துல கலந்துகினு கீறதத் தனித்தனியா பிரிச்சிக் காட்டும். வாய மூடு!"

வேலை போனால் மருமகள் கையை எதிர்பார்க்க வேண்டுமே! அவர் என் துணியைப் பிடுங்கி, புகை இழுக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஆசிட்டில் போட்டுக் கொதிக்க வைத்தார். துணி கரைந்தே போனது. அடியில் அதே சாம்பல் பொடி, அப்படியே! நான் கைதட்டிச் சிரித்தேன்.

"பல்லக் காட்டாத!" என்று சீறினார்.

சூப்பர்வைசர் எட்டிப் பார்த்து, "ஏமி சார், சத்தம்?" என்று தெலுங்கு கலந்து கேட்டார்.

"ஆயா துணி கிழிஞ்சிபோச்சி, வேற குடு" என்றார் அவர், என்னைப் பாராமலே.

மறுநாளும், "மேசைப் பக்கம் வராத!" என்று கத்தினார். கண்ணாடிக்கல் மூக்குத்திக்காரி நான், வைரம் துடைத்த கதையைச் சித்தூர் பஸ்ஸில் எல்லோரிடமும் சொல்கிறேன். அவர் ஏன் சூப்பர்வைசரிடம் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டால், "அவரயும் தேங்கா மாதிரி தட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்பேன்.