'எறக்கியாச்சு' என்று எழுதாத மாலை

பணி ஓய்வு பெற்றுப் பாலக்காட்டில் குடியேறிய பிறகும், விளக்கேற்றும் வேளையில் என் கைபேசி ஒருமுறை அதிரும். எடுத்துப் பார்த்தால் ஒற்றைச் சொல் இருக்கும்: "எறக்கியாச்சு." மூணாற்றிலிருந்து மறையூருக்கு இறங்கும் மாலைப் பேருந்தில் தனியே ஏறிய ஒரு முதியவரோ பள்ளிப் பிள்ளையோ உரிய நிறுத்தத்தில் பத்திரமாக இறங்கிவிட்டார் என்பது அதன் பொருள்.

மூணாற்றுப் பள்ளியொன்றில் நான் தமிழாசிரியையாக இருந்த ஆண்டுகளில் அந்தப் பேருந்துதான் என் பகற்பொழுதின் முடிவு. அதில் நாள்தோறும் வருவோர் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம். "தேயிலைக் காட்டோரம் ஆனை நிக்கி, வண்டி லேட்டு" என்பது போன்ற செய்திகளே அதில் மிகுதி. "எங்க தாத்தா நீலச் சட்டை போட்டு ஏறியிருக்கு, அருவிகிட்ட எறக்கி விடுங்க" என்று யாராவது எழுதினால், முகம் அறியாத அந்தத் தாத்தாவைப் பேருந்தே பொறுப்பேற்றுக்கொள்ளும். வீட்டார் குடையோடு வந்து நிற்பார்கள். யார் எங்கே ஏறினார், எங்கே இறங்குவார் என்பதை மறைக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. வெளியூரார் பேருந்து நேரம் கேட்க உதவியாக இருக்கட்டும் என்று, குழுவில் சேர்வதற்கான க்யூஆர் அட்டையை ஒரு வெல்லக் கடைச் சுவரில் ஒட்டியும் வைத்திருந்தோம்.

ஒரு நாள் பேருந்து மூணாற்றைவிட்டு நகரும்போது, குழுவில் அறியாத எண் ஒன்றிலிருந்து படத்தோடு ஒரு செய்தி வந்தது. "என் தங்கச்சி. மனநிலை சரியில்லாதவள். கையில் குழந்தை. பச்சைச் சுடிதார். மாலை வண்டியில் ஏறியிருக்கலாம். எங்கே இறங்குகிறாள் என்று சொல்லுங்கள். அம்மா அழுதுகொண்டே இருக்கிறார்."

பச்சைச் சுடிதார் எனக்கு இரண்டு இருக்கைகள் முன்னால் இருந்தது. மடியில் குழந்தை பன்னைப் பிய்த்துச் சிந்திக்கொண்டிருந்தது.

என் பக்கத்து வரிசையில் ஓய்வுபெற்ற தபால்காரர் அமர்ந்திருந்தார். எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கெல்லாம் கடிதம் சுமந்தவர். எங்கள் எல்லாருக்கும் அண்ணாச்சி. குழுவில் 'எறக்கியாச்சு' என்று எழுதுவதைத் தமக்கு வந்த இரண்டாவது உத்தியோகமாகவே அவர் கருதினார். நான் திரும்பும்போது அவர் விரல் கைபேசியிலிருந்து எழுந்துவிட்டிருந்தது.

"போட்டுட்டேன் டீச்சர். நம்ம வண்டியிலதான் இருக்கு, மறையூர்ல எறங்குதுன்னு. டிக்கெட் வாங்கும்போது கேட்டேன்."

ஆனால் செய்தி போகவில்லை. பேருந்து தேயிலைச் சரிவுக்குள் புகுந்துவிட்டது. அங்கே சிக்னல் கிடையாது. செய்தியின் ஓரத்தில் சிறு கடிகாரக் குறி நின்றது. அருவிக்குக் கீழுள்ள வளைவில் திரும்பியதும் எல்லாக் கைபேசிகளும் ஒருசேர ஒலிக்கும். அதுவும் அப்போது போய்விடும்.

நான் எழுந்து சென்று அந்தப் பெண்ணின் அருகில் அமர்ந்தேன். படத்தைக் காட்டித் தாழ்ந்த குரலில் கேட்டேன். "உங்க அண்ணன் உங்களைத் தேடுறாராம்மா?"

அவள் படத்தைப் பார்த்த நொடியில் குழந்தையைச் சுற்றியிருந்த கை இறுகிற்று.

"எனக்கு அண்ணன் கெடையாது. இது என் கல்யாணத்துல எடுத்தது. பக்கத்துல நின்ன ஆளை வெட்டிட்டு அனுப்பியிருக்கு. அந்த ஆளுதான் அனுப்புனது." பிறகு, "எங்க எறங்குறேன்னு சொல்லிப்புட்டீங்களா?" என்றாள்.

நான் திரும்பி வந்து சொன்னபோது அண்ணாச்சி இசையவில்லை. "மனசு சரியில்லாத பிள்ளை வேற எப்பிடிச் சொல்லும்? நெசமாவே ஒரு தாய் அழுதுக்கிட்டு இருந்தா?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இருவரில் யார் சொல்வது மெய் என்று எனக்கும் தெரியாது.

கம்பியைப் பிடித்து நின்ற நடத்துநர் குனிந்தார். "ரிட்டையர் ஆகியும் தந்தி குடுக்கீராக்கும்? அதை அழியும் வே. வளைவு வருது."

"சும்மா கெட. வந்த சேதிக்குப் பதில் சொல்லணும்லா."

"அண்ணாச்சி," என்றேன், "தபால் கொடுக்கப் போற எடத்துல தெரியாத ஆள் ஒருத்தர் வந்து, இந்தப் பொண்ணு இப்ப எந்த விலாசத்துல இருக்குன்னு கேட்டா சொல்லுவீங்களா?"

"அதெப்பிடிச் சொல்ல? வேலை போயிரும்."

"அழுதுக்கிட்டே கேட்டா?"

சன்னலுக்கு வெளியே அருவியின் இரைச்சல் கேட்டது. அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி, கடிகாரக் குறியின் மேல் விரலை வைத்து நெடுநேரம் அழுத்தினார். செய்தி மறைந்தது. பேருந்து வளைவில் திரும்பியது, கைபேசிகள் ஒலித்தன.

நான் குழுவில் எழுதினேன்: "உங்கள் பக்கத்துக் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். தேடுவது அவர்கள் பொறுப்பு. இங்கே யாரும் பதில் எழுத வேண்டாம்." மெய்யான அண்ணனாக இருந்தால் அவனுக்கு அதனால் இழப்பு ஒன்றும் இல்லை.

சற்று நேரத்தில் அந்த எண் குழுவைவிட்டு வெளியேறியது.

"பாத்தீரா," என்றார் நடத்துநர். "அழுத தாயையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் மீண்டும் அந்தப் பெண்ணிடம் போனேன். வண்டிக்கு முன்னால் அவன் வந்து நிற்கவும் கூடும் என்று அஞ்சினேன். "ஸ்டேஷன்ல பொம்பளை போலீஸ் இருப்பாங்க. நாங்க கூட வர்றோம். உங்களுக்குச் சம்மதம்னா மட்டும்."

அவள் குழந்தையின் வாயைத் துடைத்தாள். பிறகு, "வாரேன்" என்றாள்.

ஓட்டுநர் நிறுத்தம் இல்லாத இடத்தில், மறையூர் காவல் நிலைய வாசலிலேயே நிறுத்தினார். கரும்புப் பாகு கொதிக்கும் மணம் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. அவளுடைய பையை அண்ணாச்சி தூக்கிக்கொண்டார். பெண் காவலர் ஒருவர் அவளை உள்ளே அழைத்துப் போய் நாற்காலி காட்டியதைப் பார்த்த பிறகே நான் வீடு திரும்பினேன். அண்ணாச்சி அவள் சொந்தக்காரர்கள் வரும்வரை இருப்பதாகச் சொல்லி வராந்தாவில் அமர்ந்துவிட்டார். அன்று மாலை குழுவில் 'எறக்கியாச்சு' வரவில்லை.

மறுநாள் வெல்லக் கடைச் சுவரில் அட்டை இல்லை, அண்ணாச்சியே கிழித்திருந்தார். அதன்பின், ஏறியவர் பெயரைக் குழுவில் எழுதுவது நின்றது. வீட்டார் நடத்துநரை அழைத்துச் சொல்வார்கள். இறங்கியதும் அந்த ஒற்றைச் சொல் மட்டும் வரும்; யார், எங்கே என்பது வீட்டாருக்குத் தெரிந்தால் போதும்.

சில மாதங்கள் கழித்து, அவள் எங்கே போனாள் என்று அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"நல்லா இருக்கு" என்றார்.

"எங்கே?"

"டீச்சர், நீங்களே கேக்கலாமா?" என்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இன்றும் மாலையில் கைபேசி அதிர்ந்தது. யாரை இறக்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. விளக்கின் திரியைத் தூண்டிவிட்டு, அந்தச் சொல்லை இன்னொரு முறை படித்தேன்.